பின்பாட்டையும் தானே பாடிய தம்பி

‘ப்ரவுட் மேரி’ பாட்டில் பல்லவிக்குப் பின்னால் ஒரு கோரஸ் வரும். நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி, தோளில் கைபோட்டு நின்று பாடுவது மாதிரி இருக்கும். நான் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த பையன்கள், அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, அந்த நெருக்கம்தான் குரலில் வந்து விழுகிறது என்று எனக்கு நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கோரஸில் இருக்கும் அத்தனை குரலும் ஒரே ஆளுடையது என்று. ஜான் ஃபோகர்ட்டி பாட்டையும் பாடி, அதற்குப் பின்பாட்டையும் தானே பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். கூட இருந்த மூன்று பேருக்கும் பாட ஆசைதான். ஜான் விடவில்லை.

இவர்களுடைய அமெரிக்க ராக் குழுவான கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் (இனி கிரீடென்ஸ், முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்குகிறது) ஏன் உடைந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ரெக்கார்டு கம்பெனி முதலாளியைக் கைகாட்டுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அவரிடமும் வருகிறேன். ஆனால் என்னைக் கேட்டால், 1968-இன் கடைசியில் ஹாலிவுட்டில் அந்தப் பின்பாட்டைப் பதிவு செய்தபோதே குழு உள்ளுக்குள் விரிசல் விட்டாயிற்று. வெளியே தெரிய இன்னும் நாலு வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

கொஞ்சம் முன்கதை வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வளைகுடாவைத் தாண்டினால் எல் செரிட்டோ என்று ஒரு சின்ன ஊர். 1959-இல் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜான், டிரம்ஸ் வாசிக்கும் டக் கிளிஃபோர்ட், ஸ்டு குக் மூன்று பேரும் சேர்ந்து ‘ப்ளூ வெல்வெட்ஸ்’ என்று ஆரம்பித்தார்கள். ஸ்டு அப்போது பியானோ, பேஸ் கிட்டாருக்கு மாறியது பிறகு. ஜானின் அண்ணன் டாம், இவர்களைவிட மூன்றரை வயது மூத்தவர், ஏற்கெனவே வெளியில் பாடிக்கொண்டிருந்தவர். அவர் வந்து சேர்ந்ததும் குழுவின் பெயரே மாறியது. அப்போது வந்த ரெக்கார்டுகளில் ‘டாமி ஃபோகர்ட்டி அண்ட் த ப்ளூ வெல்வெட்ஸ்’ என்றுதான் இருக்கும். அண்ணன் பெயர் முன்னால், தம்பி அந்த ‘அண்ட்’டுக்குப் பின்னால் மூன்றில் ஒருத்தர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964-இல் ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் என்ற ஜாஸ் கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது, எடுத்த கையோடு ‘கோல்லிவாக்ஸ்’ என்று ஒரு கன்றாவிப் பெயரையும் தலையில் கட்டியது. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் ஒரு பழைய பொம்மையின் பெயர் அது. பையன்களுக்கே அது அறவே பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில்தான் ஜானுக்குக் குரல் திறந்தது. இருபது வயதுப் பையன் தொண்டையிலிருந்து எங்கிருந்தோ ஒரு கரகரப்பு, கலிபோர்னியாக்காரர் வாயில் லூசியானா சதுப்பு நிலம். (அந்தப் பக்கம் அவர் அதற்கு முன் போய்க்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் கேட்டும் படித்தும் வந்ததுதான்.) மெல்ல மெல்ல முன்னால் நிற்கும் இடம் தம்பிக்குப் போனது, அண்ணன் ரிதம் கிட்டாரோடு பக்கவாட்டில் நகர்ந்தார். டாம் பின்னாளில் இதைப் பெரிய மனதோடு சொல்லியிருக்கிறார்: எனக்கும் பாட வரும், ஆனால் ஜானிடம் ஒரு சவுண்ட் இருந்தது என்கிற அர்த்தத்தில். அவர் விட்டுக்கொடுத்தது நிஜம். ஆனால் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் நாலு தடவையில் ஒரு தடவையாவது திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன். அந்த ஒரு தடவை கடைசி வரை வரவேயில்லை.

1967-இல் அதே ஃபேன்டசியில் விற்பனையாளராக இருந்த சால் ஸான்ட்ஸ் சில கூட்டாளிகளோடு சேர்ந்து கம்பெனியை வாங்கினார். 1968-இல் கிரீடென்ஸ் என்ற புதுப் பெயர், புது ஒப்பந்தம். பாடல்களின் பதிப்புரிமை கம்பெனிக்கு, பல வருடத்துக்கு இத்தனை பாட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கணக்கு வேறு. நன்றாகப் போனால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக வேறு எழுதிக்கொள்ளலாம் என்று ஸான்ட்ஸ் வாக்குக் கொடுத்தார் என்பது ஜான் காலம் முழுக்கச் சொல்லிவந்தது. வாய் வார்த்தைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

முதல் ஆல்பத்தில் ‘சூஸி க்யூ’ ஓடியது, ஆனால் அது வேறொருவர் பாட்டு. ஒரே பாட்டோடு காணாமல் போகிற குழுக்களில் நாமும் ஒன்றாகிவிடுவோமோ என்ற பயம் ஜானைப் பிடித்து ஆட்டியது. அந்த பயத்தோடுதான் ‘ப்ரவுட் மேரி’க்காக ஸ்டூடியோவுக்குள் போகிறார். மற்றவர்கள் பின்பாட்டு பாட வருகிறார்கள். கோல்லிவாக்ஸ் காலத்தில் சேர்ந்து பாடியது எவ்வளவு சொதப்பலாக இருந்தது என்று ஜானுக்கு ஞாபகம் இருக்கிறது. வேண்டாம், நானே பாடிக்கொள்கிறேன் என்கிறார். பெரிய சண்டை. மறுபடி கார் கழுவுகிற வேலைக்குப் போக நான் தயாரில்லை என்கிற ரீதியில் தான் நினைத்ததாக ஜானே பின்னால் சொல்லியிருக்கிறார்.

பாட்டு வந்தது, அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம். ஆக, ஜான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. இங்கேதான் சிக்கலே. பாட்டு ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த தடவை மற்றவர்கள் பேச்சும் எடுபட்டிருக்கும். அது ஓடியதால், அதற்கப்புறம் எந்தச் சண்டையிலும் ஜான் கையில் ஒரு அத்தாட்சி இருந்தது.

1969-இல் இவர்கள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் தலை சுற்றும். ஒரே வருடத்தில் 3 ஆல்பங்கள்: ஜனவரியில் ‘பேயு கன்ட்ரி’, ஆகஸ்டில் ‘கிரீன் ரிவர்’, வருடக் கடைசிவாக்கில் ‘வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்’. நடுவில் வுட்ஸ்டாக் இசைத் திருவிழா வேறு. அங்கே இவர்களுக்கு முன்னால் வாசித்த கிரேட்ஃபுல் டெட் குழு இழுத்தடித்ததில் இவர்கள் மேடையேறும்போது நடுநிசி தாண்டிவிட்டது, கூட்டத்தில் பாதி தூக்கத்தில். அந்த நிகழ்ச்சி நன்றாக இல்லை என்று ஜான் முடிவு செய்தார், வுட்ஸ்டாக் படத்திலும் அதன் ரெக்கார்டிலும் தங்கள் குழு வரக்கூடாது என்று தடுத்தும்விட்டார். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தலைமுறைக்கே அடையாளமாகிப் போன படத்தில், அந்த வருடம் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த குழு இல்லை. ஐம்பது வருடம் கழித்து, 2019-இல், அந்த ஒலிப்பதிவு தனி ஆல்பமாகவே வந்தது. கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் மோசமில்லை, நன்றாகவே வாசித்திருக்கிறார்கள்.

எழுதுவது ஜான், பாடுவது ஜான், லீட் கிட்டார் ஜான், தயாரிப்பாளர் ஜான், மேனேஜர் என்று தனியாக யாரும் இல்லாததால் கம்பெனியோடு பேரம் பேசுவதும் ஜான். பெர்க்லியில் ஒரு கிடங்கை எடுத்துத் தினமும் அங்கே பயிற்சி, ஆபீஸ் போகிற மாதிரி. அந்த இடத்தை ஃபேக்டரி என்று கிண்டலாகச் சொல்லப் போய், டக்கின் செல்லப்பெயரான காஸ்மோவையும் சேர்த்து, அதுவே 1970-இல் ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’ என்று ஆல்பத்தின் பெயராகிவிட்டது. 9 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம். ஆனால் சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்டு) பட்டியலில் ஒரு சாபம்: 5 தடவை 2-ஆம் இடம் வரை போயிருக்கிறார்கள், ஒரு தடவைகூட முதலிடம் இல்லை. ஐந்து தடவையும் யாராவது ஒருவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். டாமுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவர் வீட்டிலேயே அதே நிலைமைதானே.

இந்த நேரத்தில் ஜான் இன்னொரு உத்தரவு போட்டார், இனிமேல் என்கோர் கிடையாது. நிகழ்ச்சி முடிந்து உள்ளே போய், கூட்டம் கத்தியதும் திரும்பி வந்து இன்னொரு பாட்டு வாசிக்கிற அந்த வழக்கம் வெறும் சடங்காகிவிட்டது, கையாலாகாத குழுகூடக் கூசாமல் திரும்பி வருகிறது, நமக்கு அது வேண்டாம் என்பது அவர் கட்சி. யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான பேர் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டிய மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். டக் பல வருடம் கழித்தும் இந்த விஷயத்தை ஆறாத வடுவாகப் பேசியிருக்கிறார். எனக்கு ஜானின் பாட்டு உயிர், ஆனாலும் இந்த என்கோர் விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

1971-இன் தொடக்கத்தில் டாம் விலகினார். அதற்கு முன்பும் போகிறேன் போகிறேன் என்று சில தடவை கிளம்பி, சமாதானப்படுத்தி உட்கார வைத்ததுதான். ஆல்பத்துக்கு ஒரு பாட்டாவது தனக்குத் தந்திருக்கலாம் என்பது அவர் மனக்குறை. ஒரே ஒரு பாட்டு. கொடுத்திருந்தால் குடி முழுகியிருக்காது என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். ஆனால் ஜான் அப்போது எந்தப் பாட்டையும் வீணாக்க முடியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தார், ஒரு சிங்கிளின் இரண்டு பக்கமும் வெற்றி பெறுகிற அளவுக்கு. அதில் அண்ணன் பாட்டை எங்கே சொருகுவது என்று அவர் நிஜமாகவே திணறியிருக்கலாம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், அந்தத் தம்பியே படையாக எதிரில் நின்றால் என்ன செய்வது என்று பழமொழியில் இல்லை.

மிச்சம் மூன்று பேர். இதற்கப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்கிறது, இரண்டுமே நம்பும்படி இருக்கிறது. 1972 ஏப்ரலில் ‘மார்டி கிரா’ என்ற ஆல்பம் வந்தது. அதில் ஜான் எழுதியவை மூன்றே பாட்டுகள். மற்றவற்றில் பெரும்பாலானவை ஸ்டுவும் டக்கும் எழுதிப் பாடியவை. ஜான் சொல்வது: எங்களுக்கும் சம பங்கு வேண்டும், எழுதவும் பாடவும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், சரி என்று கொடுத்தேன். ஸ்டுவும் டக்கும் சொல்வது: நாங்கள் இப்படிக் கேட்கவேயில்லை, எங்கள் பாட்டுக்கும் கொஞ்சம் இடம் கேட்டோம், அவர் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று தலையில் கட்டி, உங்கள் பாட்டை நீங்களே பாடுங்கள், நான் ரிதம் கிட்டாருக்கு மேல் எதுவும் செய்ய மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார், செய்யாவிட்டால் குழுவே இல்லை என்று வேறு சொன்னார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சகர் ஜான் லாண்டாவ் அந்த ஆல்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார், ஒரு பெரிய குழு தன் தரத்திலிருந்து இவ்வளவு கீழே போனதை இதுவரை கேட்டதில்லை என்கிற அளவுக்கு.

என் கணிப்பு இரண்டும் உண்மை என்பதுதான். அவர்கள் ஒரு கை அளவு கேட்டிருப்பார்கள், ஜான் ஒரு குண்டானைக் கவிழ்த்து, இந்தா சாப்பிடு என்றிருப்பார். பல வருடம் ‘உன்னால் முடியாது’ என்று சொல்லிவைத்த ஆளை ஒரு நாள் திடீரென்று பாடு என்று தள்ளிவிட்டால் அவன் எப்படிப் பாடுவான்? பின்பாட்டு பாடக்கூட விடாத ஆளை நேராக முன்னால் நிறுத்தினால் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும். எனக்கு இதுதான் அந்தக் குழுவில் நடந்த மிகக் கொடுமையான காரியமாகத் தெரிகிறது, ஸான்ட்ஸ் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன். 1972 அக்டோபரில் கலைந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள்.

இனி முதலாளி. குழு கலைந்தாலும் ஒப்பந்தம் கலையவில்லை, தனி ஆளாகவும் ஃபேன்டசிக்குப் பாட்டு கடன்பட்டிருந்தார் ஜான். அந்தப் பிடியிலிருந்து வெளியே வர 1980-இல் தன் கிரீடென்ஸ் பாட்டுகளின் ராயல்டியையே எழுதிக் கொடுத்தார். சம்பாதித்த பணத்தைப் பஹாமாஸில் ஒரு வங்கியில் போட்டுவைக்கச் சொன்னார்கள், அதுவும் மூழ்கியது. ஸான்ட்ஸ் இதற்கிடையே சினிமா எடுக்கப் போனார், காலப்போக்கில் 3 தடவை சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினார். நல்ல படங்கள்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தக் கோப்பைகளைப் பார்க்கும்போது ஜானுக்கு வயிறு எரிந்திருக்காதா?

எரிந்தது. 1985-இல் வந்த ‘சென்டர்ஃபீல்ட்’ ஆல்பத்தில் திருட்டுப் பன்றி ஒன்றைப் பற்றி ஒரு பாட்டு, பன்றிக்கு வைத்த பெயர் ஸான்ட்ஸ் என்பதிலிருந்து மயிரிழைதான் வித்தியாசம். மானநஷ்ட வழக்கு வந்தது, பெயரில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு, பழைய கிரீடென்ஸ் பாட்டு ஒன்றின் காப்பி என்று இன்னொரு வழக்கு. பழைய பாட்டை எழுதியவர் யார்? ஜான். உரிமை யாரிடம்? ஃபேன்டசியிடம். ஆக, தன்னையே திருடிவிட்டதாக ஒரு மனிதர் கோர்ட்டு ஏறினார். 1988-இல் சாட்சிக் கூண்டில் கிட்டாரோடு உட்கார்ந்து, தன் பாட்டுகள் தன் பாட்டுகள் மாதிரி ஏன் இருக்கின்றன என்று ஜூரிக்கு வாசித்துக் காட்டி ஜெயித்தார். வக்கீல் செலவைத் திரும்பக் கேட்டுப் போனது உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-இல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் 13 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்காமல் தாண்ட முடியாது.

இதெல்லாம் நடக்கும்போது அவர் தன் கிரீடென்ஸ் பாட்டுகளை மேடையில் பாடுவதையே நிறுத்தியிருந்தார், பாடினால் காசு ஸான்ட்ஸுக்குப் போகும் என்று. கிட்டத்தட்ட 15 வருடம். 1987-இல் ஒரு நாள் கிளப்பில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் கூட இருக்கும்போது, ‘ப்ரவுட் மேரி’யை நீ பாடாவிட்டால் அது, அதைப் பின்னால் எடுத்துப் பாடிய டினா டர்னர் பாட்டு என்றுதான் உலகம் நினைக்கும் என்று டிலன் சொன்னாராம். அன்றைக்குப் பாடினார். ரோஷத்தைச் சீண்டத் தெரிந்த ஆள்தான் டிலன்.

அண்ணன் கதை பாக்கி இருக்கிறது. டாம் தனியாக ஆல்பங்கள் போட்டார், அதே ஃபேன்டசியில். ஜானால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். ஸான்ட்ஸ் என் உயிர் நண்பர் என்று அண்ணன் தன் முகத்துக்கு நேரே சொன்னதை ஜான் எத்தனையோ வருடம் கழித்தும் எழுதியிருக்கிறார், பேசியிருக்கிறார். டாமின் 1974 ஆல்பத்தில் ஒரு பாட்டில் நாலு பேர் வாசிப்பும் இருக்கும். ஆனால் ஜான் மட்டும் தனியாக வந்து தன் பங்கை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 1980-இல் டாமின் இரண்டாவது திருமணத்தில்தான் நாலு பேரும் ஒரே இடத்தில் நின்று வாசித்தார்கள். கல்யாண வீடு ஆயிற்றே, அங்கே யாரும் என்கோர் கணக்குப் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

முதுகு அறுவைச் சிகிச்சைக்காக ஏற்றிய ரத்தத்தின் வழியாக டாமுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1990 செப்டம்பரில் அரிசோனாவில் இறந்தார், 48 வயது. அண்ணனும் தம்பியும் மனம்விட்டுச் சமாதானம் ஆகவில்லை. மூன்று வருடம் கூட ஆகவில்லை, 1993 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் கிரீடென்ஸைச் சேர்த்தார்கள். டாமின் மனைவி அவர் அஸ்தியைக் கலசத்தில் எடுத்து வந்திருந்தார், இனியாவது நாலு பேரும் ஒரு மேடையில் இருக்கட்டும் என்று. ஜான் ஸ்டுவோடும் டக்கோடும் வாசிக்க மறுத்துவிட்டார். குழுவில் தங்களுக்கிருந்த வாக்குரிமையை அவர்கள் ஸான்ட்ஸிடமே விற்றுவிட்டார்கள் என்பது அவர் ஆத்திரம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனையும் ராபி ராபர்ட்சனையும் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைப் பாடினார். ஸ்டுவும் டக்கும் எழுந்து வெளியே போனார்கள். அப்புறம் அவர்கள் ‘கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்’ என்று ஆரம்பித்ததும், பெயருக்காக ஜான் வழக்குப் போட்டதும், அது வருடக்கணக்கில் இழுத்ததும் தனிக் கதை, சொன்னால் எனக்கே அலுப்பு வரும்.

2004-இல் ஃபேன்டசி கைமாறியபோது புது முதலாளிகள் ராயல்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023-இல் பதிப்புரிமையிலும் பெரும் பங்கை ஜானே வாங்கிவிட்டார். ஸான்ட்ஸ் 2014-இல் போய்ச் சேர்ந்திருந்தார். கேட்டதெல்லாம் கிடைத்தது, வாழ்த்தத்தான் கூட இருந்தவர்கள் யாரும் பேசுகிற நிலையில் இல்லை.

2025-இல் எண்பது வயதில் ஜான் அந்தப் பழைய பாட்டுகளை மறுபடி ஸ்டூடியோவில் பாடி ஒரு ஆல்பம் போட்டார். ‘ப்ரவுட் மேரி’ அதிலும் இருக்கிறது. இந்தத் தடவை கூட வாசிப்பவர்களில் இரண்டு பேர் அவருடைய மகன்கள். அண்ணன் தம்பிகள்.